எண்ணூற்று நாற்பது அடித் தண்ணீர்

ஏரியூர்ப் பக்கத்தில் மாதவராஜைப் போல ஊர்த் தண்ணீரையெல்லாம் ஏசிய மனிதர் வேறு யாரும் இல்லை. மூன்று ஏக்கர் மரவள்ளிக்கு நடுவே எண்ணூற்று நாற்பது அடியில் போர் போட்டு, கண்ணாடி மாதிரித் தண்ணீர் வந்த நாளிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. அவரைப் பொறுத்தவரை மழைத் தண்ணீர் சப்பென்றிருக்கும், ஏரித் தண்ணீர் எருமைக்கு, கேன் தண்ணீர் செத்த தண்ணீர். ஒகேனக்கலிலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம், மூக்கைப் பொத்திக்கொள்வார். "பிளீச்சிங் பவுடரக் கரைச்சு உடறானுங்க. அதையும் வரிசையில நின்னு புடிக்குது பாரு, மானங்கெட்ட சனம்" என்பார். எதிர்வீட்டுத் தங்கம்மாள் காதில் விழவேண்டும் என்றே சத்தமாகச் சொல்வார்.

தண்ணீரைச் சோதிக்க அவருக்கு ஆய்வுக்கூடமெல்லாம் தேவையில்லை. டம்ளரை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார், முகர்வார், ஒரு வாய் ஊற்றிக் கன்னத்தில் ஒதுக்கி விழுங்குவார். பெரிய விஞ்ஞானி என்று நினைப்பு. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, துவரம்பருப்பு லேசில் வேகாது. திட்டு சோப்புக் கம்பெனிக்கும் மளிகைக்கடைக்காரருக்கும் விழும், தண்ணீருக்கு ஒருநாளும் விழாது. கடினநீர் என்று மகளின் பாடப்புத்தகத்திலேயே எழுதியிருந்தது. அதையெல்லாம் யார் புரட்டிப் பார்த்தது?

போதாக்குறைக்குச் சுத்தம் வேறு. வீட்டில் ஒருவரும் பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது. மனைவி நிர்மலா தினமும் ஒரு அண்டாத் தண்ணீரைப் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்ச வேண்டும். அடியில் வெள்ளையாகப் படிந்த உப்பைச் சுரண்டிக் காட்டி, "பாத்தியா, அழுக்கு பூரா பிரிஞ்சு வந்துருச்சு" என்று பூரிப்பார். அழுக்குப் பிரிந்ததாம், பிரிந்தது.

இப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்த மகள் மலர்விழிக்கு முன்பற்களில் பழுப்புக் கோடுகள். ஒன்பதாவது படிக்கிறாள். பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, யாரோ பல்லைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று மேடை ஏறாமலே திரும்பி வந்து அழுதாள். வேப்பங்குச்சி, கரித்தூள், விதவிதமான பேஸ்ட், எதற்கும் கோடு அசையவில்லை. பள்ளிக்கூடத்தில் பல் மருத்துவ முகாம் என்றதும், தேய்த்து வெள்ளையாக்கிவிடுவார்கள் என்று மாதவராஜ் குடும்பத்தோடு கிளம்பினார்.

மருத்துவர் இளம்பெண். மலர்விழியின் வாயைப் பார்த்ததும், "இது தேச்சாப் போற கறை இல்லீங்க. சின்ன வயசுல பல்லு உள்ள உருவாகறப்பவே பட்டது. என்ன தண்ணி குடிக்கறீங்க?" என்று கேட்டார்.

"சொந்தப் போருங்க. பாதியாச் சுண்டக் காச்சித்தான் குடிக்கறோம்" என்றார் மாதவராஜ், ஏதோ பதக்கம் வாங்க வந்தவர் போல.

"இந்தப் பக்கத்துப் போர்த் தண்ணில ஃபுளோரைடு ஜாஸ்திங்க. அதுக்கு நெறம், மணம், ருசி ஒண்ணும் கிடையாது. காச்சினா தண்ணிதான் ஆவியாப் போகும், அது அப்படியே தங்கிரும். பாதியாச் சுண்டினா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு."

"கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. ஒங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருச்சாக்கும்" என்று மாதவராஜ் சிரித்தார். பின்னால் நின்ற மகன் அன்புவை இழுத்து முன்னால் நிறுத்தினார். "மூணாவது படிக்கறான். பொறந்ததுலருந்து அதே தண்ணிதான். ஈ காட்டுடா."

அன்பு காட்டினான். புதிதாக முளைத்த முன்பற்களில் ஒரு புள்ளிகூட இல்லை. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இப்ப என்னங்க சொல்றீங்க?"

மருத்துவர் பதில் சொல்வதற்குள் நிர்மலா வாயைத் திறந்தாள். "அவன் குடிக்கறது குழாத் தண்ணிங்க."

மாதவராஜ் திரும்பினார். நிர்மலா அவரைப் பார்க்கவில்லை, மருத்துவரிடமே சொன்னாள். "மலருக்குப் பால்பல்லு உழுந்து மொளைச்சப்பவே கோடு தெரிஞ்சுதுங்க. நர்சம்மா குழாத் தண்ணி குடுக்கச் சொன்னாங்க. இவுருகிட்டச் சொன்னேன், கொடத்த எட்டி ஒதைச்சாரு. அதுக்கப்பறம் சொல்றதில்லீங்க. தங்கம்மாக்கா வூட்டுல தெனம் ஒரு கொடம் வாங்கியாந்து புள்ளைங்களுக்கு ஊத்தறேன், நானும் குடிக்கறேன். ஏழு வருசமாச்சு. மலருக்குத்தான் காலம் கடந்துபோச்சு."

மலர்விழி தம்பியின் பற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதவராஜின் முகம் செத்துப்போயிற்று.

"அப்ப தெனமும் அண்டாவுல காச்சறது?"

"அது ஒங்களுக்குங்க."

"எனக்கு மட்டும் ஏன் குழாத் தண்ணி குடுக்கல?"

"ஒங்களுக்குத்தான் அது புடிக்காதேங்க" என்றாள் நிர்மலா.