மருந்தே இல்லாத தோட்டா

ராய்ஸ் ப்ரெக்கி வீட்டை விட்டுப் போனபோது துப்பாக்கிகளையும் நாயையும் தன்னோடு கொண்டுபோனான். சுட்ட தோட்டாக் கூட்டை மறுபடி நிரப்பும் 'பிரஸ்' என்கிற கைப்பிடி இயந்திரத்தை மட்டும் எடுக்க முடியவில்லை. கார் ஷெட்டின் சுவரோடு சேர்த்து அடித்த மேசையில் தடித்த போல்ட் போட்டு அதை அவனேதான் முறுக்கியிருந்தான். கிரேட் ஃபால்ஸ் நகரத்தில் ஒருத்தி அவனுக்காகக் காத்திருந்தாள். போல்ட்டோடு மல்லுக்கட்ட அவனுக்குப் பொறுமை இல்லை. "அப்புறமா வந்து எடுத்துக்கறேன்" என்று மனைவி ஆர்லிஸிடம் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

ஆர்லிஸ் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் செய்பவள். நான் வென்டல், கடைத்தெருவில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறேன். ஆணி, பெயிண்ட், எலிப்பொறி, தோட்டா நிரப்புகிறவர்களுக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் என்னிடம் கிடைக்கும். ராய்ஸ் போன அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் அவள் கோட்டின் கை கிழிந்து தொங்க உள்ளே வந்தாள்.

"பெரிய ஸ்பேனர் ஒண்ணு குடுங்க வென்டல். அந்தச் சனியன கழட்டி வெளிய வீசணும். பனி வார்ற மம்பட்டிய எடுக்கப் போறப்பல்லாம் அதோட கைப்பிடி என் கோட்ட புடிச்சு இழுக்குது."

"அவன் திரும்பி வந்து கேட்டா?"

"பனிக்குள்ள தேடிக்கட்டும்."

ஸ்பேனருக்கு நட்டு அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெய் வாங்கிப் போனாள். அதற்கும் அசையவில்லை. அடுத்த வாரம் வந்து எதுவும் வாங்காமல் கல்லா மேசையில் சாய்ந்து நின்றாள்.

"அது என்னதான் செய்யும்? அவன் அங்க உக்காந்தான்னா பீர் டப்பா திறக்கற சத்தமும் ரேடியோவுல பேஸ்பாலும்தான் கேக்கும். என்ன பண்றான்னு நான் எட்டிப் பாத்ததே கிடையாது."

சொன்னேன். சுட்டால் குண்டுதான் பறந்து போகும், பித்தளைக் கூடு நம்மிடமே மிஞ்சும். அதன் அடியில், வெடிமருந்தைப் பற்றவைக்கிற சின்ன 'கேப்பு' இருக்கும்; செத்ததைத் தட்டி எடுத்துவிட்டுப் புதுக் கேப்பு வைக்க வேண்டும், உள்ளே மருந்தை நிறுத்துப் போட வேண்டும், மேலே புதுக் குண்டை அழுத்த வேண்டும். தோட்டா தயார். கைப்பிடியை இழுக்கிற வேலைதான். எங்கள் பக்கத்தில் குளிர்காலம் நீளம், பாதிப் பேர் ஷெட்டில் உட்கார்ந்து அதைத்தான் செய்கிறார்கள்.

"சமையல் மாதிரின்னு சொல்லுங்க."

"சமையல்ல தப்பு பண்ணா வயித்து வலியோட போயிடும் ஆர்லிஸ்."

அவள் சிரிக்கவில்லை. அலமாரியில் இருந்த வழிகாட்டிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். புத்தகமும் ஒரு நல்ல தராசும், கூடவே மருந்தும் கேப்பும் குண்டும் வாங்கினாள்.

"துப்பாக்கி இருக்கா?" என்றேன்.

"இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

"அவன் விட்டுட்டுப் போன வெத்துக் கூடு காப்பி டப்பாவுல கிடக்கு. அத என்ன பண்றது?"

பனி உருகும் வரை அவள் ஷெட்டில்தான் இருந்தாள் என்று பிறகு தெரிந்தது. ரேடியோ கிடையாது. போனை வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுவாள். மருந்து போட்ட கூடுகளைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, குண்டை அழுத்துவதற்கு முன் ஒவ்வொன்றுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்ப்பாள். ஒன்றில் மட்டம் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ தெரிந்தால் பலகை முழுவதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். புருஷன் போனதைப் பற்றி ஊரில் அவளிடம் துக்கம் விசாரிக்க வந்தவர்கள், ஷெட் கதவைத் தட்டிவிட்டுப் பதில் வராமல் திரும்பினார்கள்.

வசந்தத்தில், செத்துப்போன ஒரு விவசாயியின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அதில் தன் தோட்டாக்களுக்குப் பொருந்துகிற பழைய துப்பாக்கி ஒன்றை அவள் எடுத்தாள்.

"துப்பாக்கிக்குத் தோட்டா தேடறவங்கள பாத்திருக்கேன். தோட்டாவுக்குத் துப்பாக்கி தேடினது நீ ஒருத்திதான்" என்றேன்.

"அடுப்பு இருந்ததால சமைக்க ஆரம்பிச்சேன். இப்பத்தான் சாப்பிட ஆள் கிடைச்சிருக்கு. போங்க, அந்தப் பக்கம்."

எங்கள் ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தின் சுடுமைதானம் தானியக் கிடங்குக்கு அப்பால், பழைய சரளைக் குழியில் இருக்கிறது. முதலில் அங்கே அவள் வந்தால் ஆண்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். இலக்கு அட்டையில் அவள் போட்ட ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்த பிறகு அவளிடம் தோட்டா கேட்கத் தொடங்கினார்கள். ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

"வீட்டுக்கு வாங்க, சூடா சமைச்சுப் போடறேன். இது மட்டும் கேக்காதீங்க" என்பாள். "நான் செஞ்சது என் மூஞ்சி பக்கத்துலதான் வெடிக்கணும். உங்க மூஞ்சிக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது."

அப்படி இரண்டு கோடைகள் போயின. மூன்றாவது கோடையில், ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு ராய்ஸ் வந்தான். கிரேட் ஃபால்ஸ்காரி அவனை வெளியே அனுப்பிவிட்டாள் என்று பேச்சு. உண்மையா என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு மைதான மேற்பார்வை என்னுடையது. சீட்டுக் குலுக்கியதில் அவர்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை விழுந்தது. மாற்றித் தருகிறேன் என்று ஆர்லிஸிடம் சொன்னேன்.

"எதுக்கு? அவன் என்ன தொத்து வியாதியா?" என்றாள்.

ராய்ஸ் அவள் துப்பாக்கியை மேலும் கீழும் பார்த்தான்.

"அடேங்கப்பா, ஆர்லிஸ்! கரண்டிய விட்டுட்டு இத எப்பப் புடிச்ச? என் பிரஸ்ஸ என்ன பண்ணின, வித்துட்டியா?"

"அங்கயேதான் இருக்கு."

"அது என்னோடது, ஞாபகம் இருக்கட்டும்."

"நாயும் என்னோடதுதான். எப்படி இருக்கு?"

ராய்ஸ் காதடைப்பை மாட்டிக்கொண்டான். தோளில் அறுவை சிகிச்சை செய்திருந்தான். சுடும்போது துப்பாக்கி தோளில் உதைப்பது குறையட்டும் என்று மருந்து குறைத்துப் போட்ட தோட்டாக்களைத் தானே நிரப்பிக்கொண்டு வந்திருந்தான். புது பிரஸ் வாங்கியிருந்தான் போலும்.

முதல் சுற்றில் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவது சுற்றின் நடுவே அவன் மேசையிலிருந்து வெடிச் சத்தத்துக்குப் பதிலாகச் சோடா மூடி கழன்றதுபோல ஒரு சின்ன 'டப்' கேட்டது. துப்பாக்கி உதைக்கவில்லை. அட்டையில் புது ஓட்டை எதுவும் இல்லை. மற்ற மேசைகளின் சத்தத்தில் எனக்கே அது சரியாக உறைக்கவில்லை. ராய்ஸ் எரிச்சலோடு வெற்றுக் கூட்டை வெளியே தள்ளிவிட்டு அடுத்த தோட்டாவை ஏற்றினான்.

"ராய்ஸ், சுடாத!" என்று ஆர்லிஸ் கத்தினாள்.

அவன் தலையைத் திருப்பாமல் இடது கையை ஆட்டினான், ஈ விரட்டுவதுபோல. கன்னத்தைக் கட்டையில் வைத்தான்.

ஆர்லிஸ் தன் துப்பாக்கியை மேசையில் கிடத்தினாள். எழுந்து ஒரு எட்டு வைத்து, அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து, அவன் துப்பாக்கியில் குழலின் பின்வாயை அடைக்கிற போல்ட்டின் கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கினாள். போல்ட் தூக்கி நின்றால் துப்பாக்கி வெடிக்காது. அவன் விரல் அதற்குள் விசையில் இருந்ததை நான் பார்த்தேன்.

"கைய எடு! பைத்தியமாடி உனக்கு? போட்டியில வந்து என் துப்பாக்கிய தொடற?"

"வென்டல், எல்லாரையும் நிறுத்தச் சொல்லுங்க."

நிறுத்தச் சொன்னேன். அவள் கையை எடுக்கவில்லை. நான் போய் ஏற்றிய தோட்டாவை வெளியே எடுத்து, போல்ட்டையும் உருவிவிட்டு, குழலின் பின்பக்கம் கண்ணை வைத்தேன். மறுமுனையில் வானம் வட்டமாகத் தெரிய வேண்டும். இருட்டாக இருந்தது. துடைக்கும் கம்பியை முன்பக்கமாக விட்டேன். பாதிக்கு மேல் போய் நின்றது. குழலுக்குள் ஒரு குண்டு சிக்கியிருந்தது. இன்னொன்றை அதன் பின்னால் சுட்டிருந்தால் குழல் கிழிந்திருக்கும், ராய்ஸின் கையும் முகமும் அங்கேதான் இருந்தன.

பித்தளைக் கம்பியை வைத்து மெதுவாகத் தட்டினோம். குண்டு மேசைமேல் விழுந்து உருண்டது. ஆட்கள் சுற்றி நின்றார்கள்.

"மருந்து நல்லா இல்ல," என்றான் ராய்ஸ் என்னைப் பார்த்து. "நீ வித்த மருந்துதான் வென்டல்."

"மருந்து நல்லா இல்லாம இல்ல," என்றாள் ஆர்லிஸ். "மருந்தே இல்ல. கேப்பு மட்டும் வெடிச்சுக் குண்ட கொஞ்ச தூரம் தள்ளியிருக்கு."

"ஒண்ணு விட்டுப்போச்சு. மனுஷன்தானே நானும்?"

"விட்டுப்போன மருந்து எங்க போச்சு?"

பெட்டியில் மீதமிருந்த தோட்டாக்களை எல்லோரும் பார்த்தோம்.

சாயங்காலம், வெயில் இன்னும் நன்றாக இருக்கும்போதே, ராய்ஸ் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆர்லிஸின் ஷெட்டுக்கு வந்தான். தனியாக வர மனமில்லாமல் என்னையும் அழைத்து வந்திருந்தான்.

"கொஞ்சம் பிரிச்சுப் பாத்துச் சொல்லு ஆர்லிஸ்."

"பிரிக்கறது நீ. நிறுக்கறது நான்."

சுத்தியல் மாதிரி ஒரு சாமான் இருக்கிறது. அதன் தலைக்குள் தோட்டாவைப் பொருத்தித் தரையில் தட்டினால் குண்டு கழன்றுவிடும். அதை அவன் கையில் கொடுத்து ஒரு முக்காலியைக் காட்டினாள். அவன் தட்டத் தட்ட, அவள் ஒவ்வொரு கூட்டின் மருந்தையும் தராசுத் தட்டில் கொட்டினாள். நல்ல தோள் பக்கத்துக் கையால்தான் தட்டினான், ஆனாலும் வேர்த்துக்கொட்டியது. பெட்டி பாதி காலியானபோது அவள் ஒரு தட்டைத் தராசில் வைத்துவிட்டு அப்படியே நிறுத்தினாள். அதை எடுத்து முந்தைய தட்டின் பக்கத்தில் வைத்தாள். இரண்டு மடங்கு குவியல்; அதைச் சுட்டிருந்தால் துப்பாக்கியே சிதறியிருக்கும்.

"விட்டுப்போனது இங்க இருக்கு" என்றாள்.

ராய்ஸ் முக்காலியிலிருந்து எழுந்து பார்த்தான். மறுபடி உட்காரும்போது முக்காலியைத் தவறவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"பேஸ்பால் ஓடிட்டிருந்துச்சு" என்றான் கடைசியில். "கடைசி ஆட்டம். எழுந்து போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"எனக்குத் தெரியும்."

"இனிமே நீ போட்டுக் குடுக்கறியா? நான் காசு—"

"மாட்டேன்."

"மத்தவங்களுக்குக் குடுக்க மாட்டேன்னு கேள்விப்பட்டேன். நான் மத்தவனா?"

"ஆமா ராய்ஸ்," என்றாள். குரலில் கோபம் இல்லை. "மீதியையும் பிரிச்சு முடி. வண்டியில வெச்சுக்கிட்டுப் போகாத."

முடித்துவிட்டுப் போனான். பிரஸ்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. அவன் வண்டி திரும்பிய பிறகு, வீட்டுச் சமையலறையில் அவள் எனக்குக் காப்பி ஊற்ற வந்தாள். கெட்டிலைத் தூக்கியவள் திரும்ப அடுப்பிலேயே வைத்தாள். நானே ஊற்றிக்கொண்டேன்.

"இத்தன வருஷத்துல நான் சொன்ன ஒரு பேச்ச அவன் கேட்டதில்ல வென்டல். இன்னிக்கும் கேக்கல, பாத்தீங்களா? கத்தினேன், ஈ ஓட்டற மாதிரி கைய ஆட்டினான். முன்னாடின்னா அதோட விட்டிருப்பேன்."

ஊர் சும்மா இருக்கவில்லை. காப்பிக் கடையில் உட்கார்ந்தவர்கள் இருவரையும் மறுபடி சேர்த்து வைத்துப் பேசினார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் கூட வேலை செய்கிறவள் ஆர்லிஸிடம் நேராகவே கேட்டுவிட்டாளாம், என்ன முடிவு என்று. "அவன் கைய காப்பாத்தினேன், உண்மைதான். புடிச்சுக்கறேன்னு எப்பச் சொன்னேன்?" என்று பதில் வந்ததாம். உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னாளாம்.

ராய்ஸ் தன் புது பிரஸ்ஸை விற்றுவிட்டான். இப்போது மான் வேட்டைக் காலத்தில் மட்டும் வந்து கடைத் தோட்டா வாங்கிப் போகிறான். ஆர்லிஸ் எப்படி இருக்கிறாள் என்று கேட்பான். நன்றாக இருக்கிறாள் என்பேன். கதவுவரை போய்த் திரும்பி, "நாய் செத்துப்போச்சு, அவகிட்ட சொல்லிடு" என்றான் ஒரு முறை. சொன்னேன். நாய்க்குக் கடைசியில் வலி இருந்ததா என்று கேட்டாள். அது எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் மருந்து வாங்க வந்தாள். அவள் வழக்கமாக வாங்குவது வரவில்லை. அதே அலமாரியில் வேறொரு கம்பெனி டப்பா இருந்தது. இதுவும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான், சனிக்கிழமை போட்டிக்கு இதை வைத்து ஒப்பேற்றலாமே என்றேன்.

"கிட்டத்தட்டன்னா வேண்டாம்."

"அப்போ போட்டி?"

"அடுத்த மாசம் வேற போட்டி வரும்."

துணிக் கிளிப் ஒரு பொட்டலமும் எலிப்பொறி ஒன்றும் வாங்கிக்கொண்டு போனாள்.