புறமுதுகு காட்டிப் புகழ் பெற்றவன்

ஸ்டெல்லான் மார்க்லுண்டுக்கு ரப்பர் வட்டைக் கண்டால் பயம். ஐஸ் ஹாக்கி ஆடுகிறவனுக்கு இருக்கவே கூடாத பயம் அது. ஆனால் ஸ்வீடனின் வடக்கே, கிரான்செலே என்ற ஊரில் பிறந்த ஆண்பிள்ளை ஐஸ் ஹாக்கி ஆடாமல் தப்பிக்க வேண்டுமென்றால் அதற்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். ஸ்டெல்லானுக்கு அதற்கும் வழியில்லை. சளி பிடித்தால்கூட இரண்டு நாளில் போய்விடும். ஆகவே ஆறு வயதில் ஸ்கேட் மாட்டிக்கொண்டான். பதினேழு வயதில், எப்படியோ, ஊர் அணியின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

அவன் அணியில் இருந்ததற்குக் காரணம் உயரம். ஆறடி மூன்று அங்குலம், அதற்கேற்ற அகலம். இவ்வளவு பெரிய உருவம் கோலுக்கு முன்னால் நின்றாலே எதிரி யோசிப்பான் என்று தடுப்பாட்டக்காரனாகப் போட்டார்கள். எதிரி யோசித்தானோ இல்லையோ, ஸ்டெல்லான் யோசித்தான். எவனாவது மட்டையை ஓங்கினால் போதும், கண்ணை இறுக்க மூடி, முதுகைத் திருப்பி, தோளுக்குள் தலையை இழுத்துக்கொண்டு ஓடப் பார்ப்பான். ஓட்டமும் மெதுவானதுதான். பயிற்சியாளர் இதைக் கண்டும் காணாமலும் அவனைப் பெஞ்சிலேயே வைத்திருந்தார். அவனுக்கும் அது நிம்மதியாகவே இருந்தது.

அக்டோபர் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அந்த நிம்மதி போனது. காட்டுமான் வேட்டை வாரம் அது. அந்த வாரத்தில் கிரான்செலேயில் கல்யாணம் கிடையாது. செத்தவர்கள்கூடக் கொஞ்சம் காத்திருக்க வேண்டியதுதான். அணியின் இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் துப்பாக்கியோடு காட்டுக்குள் போனவர்கள் திரும்பவில்லை. தன்னை யார் கூப்பிடப்போகிறார்கள் என்ற தைரியத்தில் ஸ்டெல்லான் மதியம், உள்ளே பன்றிக்கறி வைத்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை ஆறு சாப்பிட்டிருந்தான், வெண்ணெய் உருகி வழிய. கடைசிக் கொழுக்கட்டை வாயில் இருக்கும்போதே போன் வந்தது.

அன்றைக்குத்தான் லின்னேபோரியிலிருந்து ஹோல்கெர் என்பவர் ஆள் பார்க்க வந்திருந்தார். லின்னேபோரி தெற்கே உள்ள பணக்கார கிளப். அவர் பார்க்க வந்தது பென்னியை. பென்னி ஸ்டெல்லானின் சின்ன வயதுக் கூட்டாளி, ஊரின் செல்லப்பிள்ளை. அவன் மட்டையில் வட்டு ஒட்டிக்கொண்டால் கழற்றுவதற்கு ஆள் கிடையாது. அன்றும் இரண்டு கோல் போட்டான். அதோடு விட்டிருக்கலாம். நடுவரிடம் வாய்ச்சண்டை போட்டு, மட்டையைத் தூணில் அடித்து உடைத்து, மீதி ஆட்டம் முழுக்க வெளியே அனுப்பப்பட்டான்.

ஹோல்கெருக்குப் பார்க்க வேறு ஒன்றும் இல்லாமல் போனது. அப்போதுதான் அந்தப் பெரிய உருவம் அவர் கண்ணில் பட்டது. கடைசி இருபது நிமிடத்தில் எதிரணிக்காரன் ஒருவன் முழுப் பலத்தோடு மட்டையை ஓங்கினான். ஸ்டெல்லான் வழக்கம்போலத் திரும்பி ஓடப் பார்த்தான். ஆறு கொழுக்கட்டை ஓடவிடவில்லை. கால் வழுக்கிக் குப்புற விழுந்தான். கோலுக்குப் போயிருக்க வேண்டிய வட்டு அவன் பின்புறத்தில் வந்து அறைந்தது. எழுந்தான். மறுபடி ஓடப் பார்த்தான், மறுபடி முதுகில் வாங்கினான். மூன்றாவது முறை விலா. கிரான்செலே ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தது.

ஆட்டம் முடிந்ததும் ஹோல்கெர் அரங்கத்து சாசேஜ் கடைக்கு வந்து காபி கேட்டார். கடையில் நின்றிருந்த பெண்மணியின் பெயர் சோல்வெய்.

"அந்த அஞ்சாம் நம்பர் யாருங்க?"

"என் பையன்."

"இவ்வளவு தைரியம் அவனுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

சோல்வெய் கடுகு பாட்டிலை நங்கென்று வைத்தாள். "கேலி பண்ணணும்னா வெளியில போய்ப் பண்ணுங்க. இங்க சாப்பிடறவங்க இருக்காங்க."

அவர் கேலி பண்ணவில்லை என்பது பத்து நாள் கழித்து ஒப்பந்தக் கடிதம் வந்தபோதுதான் புரிந்தது. ஸ்டெல்லான் அதைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு, ஏதோ திருடிக்கொண்டு வந்தவன் மாதிரி நின்றான்.

"அம்மா, நான் தடுக்கல. ஓடப் பாத்தேன். வழுக்கிடுச்சு."

"தெரியும்டா. பதினோரு வருஷமா கடையிலேருந்து பாத்துட்டுத்தானே இருக்கேன்."

"அப்போ இதுல எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"பேனாவாலதான். இல்லேன்னா உங்கப்பா கூட மரமில்லுக்குப் போ. அங்க ரம்பம் இருக்கு. அது வட்டை விட மோசம்." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டாள்: "வயித்தைக் காலியா வச்சுட்டு ஆடாத. வேகம் வந்துரப் போவுது."

பென்னி அவனை ரயிலேற்றிவிட வரவில்லை.

லின்னேபோரியின் பயிற்சியாளர் ரூனே, உரக்கப் பேசுகிறவர், சீக்கிரம் கண் கலங்குகிறவர். ஸ்டெல்லான் விழுந்த காட்சிகளை வீடியோவில் போட்டு அணி முழுவதையும் உட்கார வைத்துக் காட்டினார். "பாருங்கடா. முதுகைக் கொடுக்கறான். முகத்துல அடிபடக் கூடாதுன்னு நினைக்கிறவன் இல்ல இவன், உடம்பையே கொடுத்துட்டான்!" முகத்தில் அடிபடக் கூடாது என்பதைத் தவிர வேறெதையும் நினைக்காத ஸ்டெல்லான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதையும் அடக்கம் என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்தப் பருவம் முழுக்க அவன் தப்பி ஓடிக்கொண்டே இருந்தான். தப்பிக்க முடியாமல் விழுந்துகொண்டே இருந்தான். தெற்கத்தி ஆட்டம் இன்னும் வேகமானது, அவனோ அதே வேகம். வட்டு எப்போதும் அவனை முந்திக்கொண்டு வந்து முதுகில் ஏறியது. நவம்பரில் ஒரு விலா எலும்பு. ஜனவரியில் இரண்டு விரல். குளியலறையில் அவன் முதுகைப் பார்த்த கோல்கீப்பர், "இதுல ஸ்வீடன் மேப்பே இருக்குடா, உங்க ஊரைக்கூடக் காட்டலாம்" என்றான். பத்திரிகை அவனுக்கு 'வடக்கின் சுவர்' என்று பெயர் வைத்தது. அவன் விழும்போதெல்லாம் அரங்கம் எழுந்து நின்று காலால் பலகையை உதைத்தது.

பிப்ரவரியில் அவனால் பொறுக்க முடியவில்லை. ரூனேயின் அறைக்குப் போனான்.

"ரூனே, ஒரு விஷயம் சொல்லணும். எனக்கு வட்டுன்னா பயம். ரொம்பப் பயம்."

ரூனே எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார். "பயம் இருந்தும் போய் விழறே பாரு, அங்கதான்டா நீ நிக்கிறே!"

"நான் போய் விழல. ஓடறேன்."

"தெரியும், தெரியும். உங்க வடக்கத்திக்காரங்களுக்குத் தன்னைப் பத்திப் பெருமையாப் பேசவே வராது."

மறுநாள் பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்தது: 'எனக்கும் பயம் உண்டு - சுவர் மனம் திறக்கிறது.' ஸ்டெல்லான் அதற்குப் பிறகு உண்மை பேசும் முயற்சியைக் கைவிட்டான்.

மார்ச் கடைசியில் வினை வந்தது. மேல் பிரிவுக்குப் போகும் கடைசி இடத்துக்கு இரண்டு அணிகள் மோதின: லின்னேபோரியும் கிரான்செலேயும். ஊரிலிருந்து ஆறு பஸ் வந்தது. சோல்வெய் கடையைப் பூட்டிவிட்டு வந்து, யாருடைய நிறத்தையும் அணியாமல், சாம்பல் நிறக் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

லின்னேபோரி ஒரு கோல் முன்னால் இருந்தது. ஒரு நிமிடம் பாக்கி. வட்டு பென்னியின் மட்டையில். அவன் ஒருவனைக் கடந்தான், இன்னொருவனைக் கடந்தான், கோல்கீப்பரையும் படுக்க வைத்துவிட்டான். வெறும் வலை. நடுவில் ஸ்டெல்லான் மட்டும். பென்னி மட்டையை ஓங்குவதைப் பார்த்ததும் ஸ்டெல்லான் மனதார விலகிவிட நினைத்தான். இந்த ஒரு தடவை பயமும் பாசமும் ஒரே திசையில் இழுத்தன. திரும்பினான், பாய்ந்தான். எந்தப் பக்கம் பாய்ந்தானோ அந்தப் பக்கமே பென்னியும் அடித்திருந்தான். வட்டு கெண்டைக்காலில் பட்டு எகிறிக் கூட்டத்துக்குள் போனது.

லின்னேபோரி மேலே போனது. கிரான்செலே இருந்த இடத்திலேயே இருந்தது. ஸ்டெல்லானைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள், அவன் அழுதான். ஆனந்தக் கண்ணீர் என்று வானொலியில் சொன்னார்கள்.

கோடையில் ஊருக்குப் போனான். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. கிரான்செலேயில் 'ஆமாம்' என்பதற்கு வாயைக்கூடத் திறக்க மாட்டார்கள். உதட்டைக் குவித்து மூச்சைச் சட்டென்று உள்ளே இழுப்பார்கள், அவ்வளவுதான் பதில். இப்போது அவனுக்கு அந்த மூச்சும் கிடைக்கவில்லை. அப்பா மட்டும் இரவுச் சாப்பாட்டின்போது, "நல்ல அடி" என்றார். யார் அடித்ததைச் சொன்னார் என்று தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பென்னி வந்தான். படியில் உட்கார்ந்து வெகுநேரம் கொசு அடித்தான்.

"நேராப் பாத்துத் தடுத்திருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும்டா. முதுகைக் காட்டிக்கிட்டுத் தடுத்தே பாரு. நான் என்ன, திரும்பிப் பாக்கக்கூட லாயக்கில்லாதவனா?"

"பென்னி, நான் ஓடுனேன்டா."

"எங்க ஓடுனே?"

"உனக்கு வழி விடத்தான். எப்பவும் ஓடத்தான் பாக்கறேன். விலாவும் அப்படித்தான் ஒடிஞ்சுது. ஒரு தடவைகூட நான் வேணும்னு தடுத்ததில்ல."

பென்னி அவன் முகத்தையே பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். படியிலிருந்து சரிந்து புல்லில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, அவன் முகத்தில் கொஞ்சம் இரக்கமும் நிறையக் குஷியும் இருந்தன.

"மட்டையை எடுத்துட்டு மில்லுக்குப் பின்னால வா. நான் அடிக்கிறேன், நீ கண்ணைத் திறந்து வச்சுக்க. உனக்கும் நல்லது. எனக்கும் மனசு ஆறும்."

அந்தக் கோடை முழுக்க மரமில்லின் பின்புறத் தார்த்தளத்தில் பென்னி அடித்தான், ஸ்டெல்லான் நின்றான். முதலில் டென்னிஸ் பந்து. பிறகு வட்டு. ஒவ்வொரு முறை கண் மூடியபோதும் பென்னி, "கதவைத் திற!" என்று கத்துவான். ஜூலை நடுவில் ஒரு நாள் ஸ்டெல்லான் முதல்முறையாக வட்டு புறப்படுவதைப் பார்த்தான். அது எங்கே போகும் என்பதை மட்டையின் முனை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது என்பது தெரிந்தது. இத்தனை வருடம் இதைத்தானா பார்க்காமல் ஓடினோம் என்று இருந்தது. முன்னதாகவே அங்கே போய் ஒற்றை முழங்காலில் நின்றால், வட்டு கால் கவசத்தில் பட்டு விழுந்துவிடும். வலி இல்லை. பயம் போகவில்லை, ஆனால் அதற்கும் உட்கார ஓர் இடம் கிடைத்துவிட்டது.

இலையுதிர் காலத்தில் லின்னேபோரிக்குத் திரும்பியவன் வேறு ஆட்டக்காரன். விழவில்லை. ஓடவில்லை. வட்டு வரும் வழியில் முன்பே போய் நின்றான். பத்து ஆட்டத்துக்குள் எதிரணிகள் அவன் இருக்கும் பக்கம் அடிப்பதையே நிறுத்திவிட்டன. அதனால் அவன் தடுப்பதற்கும் அதிகம் ஒன்றும் இல்லாமல் போனது. அவன் களத்தில் இருக்கும்போது கோல் விழுவது பாதியாகக் குறைந்தது. பத்திரிகை எழுதியது: 'சுவரில் விரிசல்.'

ரூனே கூப்பிட்டனுப்பினார். இந்த முறை உண்மையாகவே கண் கலங்கியிருந்தார்.

"உனக்கு என்ன ஆச்சு? போன வருஷம் உசுரைக் கொடுத்து விழுந்தே. இப்போ பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி நிக்கிறே."

"கோல் கம்மியாத்தானே விழுது?"

"கோல் கிடக்கட்டும்டா. மனசு எங்க? பயந்துட்டியா?"

ஸ்டெல்லான் கிறிஸ்துமஸ் வரை பெஞ்சில் இருந்தான். ஜனவரியில் அவனைக் கிரான்செலேக்குக் கொடுத்துவிட்டார்கள். ஊர் கிளப் அவனை வாங்கிக்கொண்டதற்கு முக்கியக் காரணம், அவன் எந்த எதிரணியிலும் இல்லாமல் இருந்தால் போதும் என்பதுதான்.

மூன்று வருடம் அவனும் பென்னியும் ஒரே அணியில் ஆடினார்கள். ஒருவன் பின்னால் நின்றான், ஒருவன் முன்னால் அடித்தான். மூன்றாவது வசந்தத்தில் கிரான்செலே மேல் பிரிவுக்குப் போனது. அந்த வருடம் கீழ்ப் பிரிவிலேயே மிகக் குறைவாகக் கோல் வாங்கிய அணி அதுதான். சிறந்த தடுப்பாட்டக்காரன் பரிசு, ஸ்டெல்லானுக்குப் பக்கத்தில் ஆடிய இளைஞன் ஒருவனுக்குப் போனது. அவன் ஒவ்வொரு ஆட்டத்திலும் நாலைந்து முறை பாய்ந்து விழுந்திருந்தான். பார்க்கவே நெஞ்சு பதறும்.

பரிசளிப்பில் ஸ்டெல்லான் எல்லோரையும் விட அதிக நேரம் கைதட்டினான். பென்னி அவன் காதில், "கண்ணைத் திறந்து வச்சுக்கன்னு அவன்கிட்ட சொல்லட்டுமா?" என்றான்.

"வேணாம்டா," என்றான் ஸ்டெல்லான். "பாவம், சந்தோஷமா இருக்கான். விலா ஒடிஞ்சதும் அவனே கேப்பான்."