"கொப்பியில இரிக்கி, சேர்!"

உங்களுக்கெல்லாம் வேறு வேலை இல்லையா?

மீன் வாங்கப் போனால் மீன்காரர் கேட்கிறார். மருந்தெடுக்கப் போனால் துண்டு எழுதுகிற பிள்ளை கேட்கிறாள். "ஸ்கூல் கூட்டத்தில மருமகனோட நேரே கதைச்சீங்களாமே, மெய்யா?" மெய்யென்றால் என்ன, பொய்யென்றால் என்ன? அதைத் தெரிந்துகொண்டால் சூடை மீன் விலை குறையுமா? முழங்கால் வலிதான் போகுமா?

சரி, சொல்லித் தொலைக்கிறேன். நான் சொல்லச் சொல்ல இதைப் போனில் அடிப்பவள் பேத்தி நஸ்ரின். இரண்டாம் ஆண்டோடு நின்றுபோன என் தமிழுக்குச் சட்டை மாட்டி, தலை சீவி அனுப்புகிறவளும் அவள்தான். பிழை இருந்தால் அவளைப் பிடியுங்கள்.

முதலில் ஒன்று விளங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. சண்டை இல்லை... மரியாதை! மகள் ஜெஸீலாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில் மருமகன் ரியாஸ் முன்னால் இருப்பார், நான் பின்னறையில். நடுவே ஒரு திரைச்சீலை. அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஜெஸீலாவிடம் சொல்வேன். அவள் இல்லாவிட்டால் பூனையிடம் சொல்வேன். "பூனே, சோறு ஆறுது" என்றால் மருமகன் வந்து உட்காருவார். பதினான்கு வருடமாக இப்படித்தான். பூனைதான் மூன்று மாறிவிட்டது.

மருமகன் ஸ்கூலில் ஆறாம் ஆண்டு 'ஏ' வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறார். போன தவணையில் ஒரு செமினாருக்குப் போனார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். வரும்போது முகமெல்லாம் வெளிச்சம்.

"ஜெஸீலா, நாங்க இவ்வளவு நாளும் செஞ்சதெல்லாம் வீண்! ஒரே பாடத்தப் பத்துத் தரம் வாசிச்சா மனசில நிக்காதாம். கொப்பிய மூடி வெச்சிட்டு, என்ன ஞாபகம் இரிக்கி எண்டு கேக்கணுமாம். ரெண்டு நாள் விட்டுக் கேக்கணும், ஒரு கிழமை விட்டுத் திருப்பிக் கேக்கணும். பிழையாச் சொன்னாலும் பரவால்ல, உடன திருத்தினா அது இன்னும் நல்லாப் பதியுமாம். எல்லாம் ஆராய்ச்சி செஞ்சி பாத்திருக்காங்க!"

"பால் வாங்கினீங்களா?" என்றாள் ஜெஸீலா.

வாங்கவில்லை. செமினாரில் எல்லாவற்றையும் ஞாபகம் வைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், பாலைத் தவிர.

அன்றிலிருந்து அவர் வகுப்பில் நோட்ஸ் கொடுப்பது குறைந்தது. கேள்விதான். அந்தக் கேள்விகளை முதலில் ஒத்திகை பார்ப்பது எங்கள் விறாந்தையில், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, நஸ்ரினிடம். அவளும் அவர் வகுப்புத்தான். அவளுடைய உம்மா, என் இளையவள், கட்டாரில் வேலைக்குப் போயிருப்பதால் இவள் என்னோடு இருக்கிறாள்.

திரைக்குப் பின்னால் முருங்கைக் கீரை உருவிக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருப்பேன். காதைக் கழற்றியா வைக்க முடியும்? கொஞ்ச நாளில் அவர் கேட்க முன்னமே எனக்குள் பதில் வந்து நின்றது. பூச்சிக்கு ஆறு கால். எட்டுக்கால் பூச்சி பூச்சியே இல்லை. வௌவால் பறவை இல்லை. யாருக்குத் தெரியும் இதெல்லாம்?

ஒன்றே ஒன்றில்தான் எனக்கும் விஞ்ஞானத்துக்கும் ஒத்துவரவில்லை. செடி தன் சாப்பாட்டைத் தானே செய்கிறதாம், இலைக்குள் வைத்து, வெயிலைக் கொண்டு! நாற்பது போகம் வெள்ளாமை செய்தவள் நான். போடு கதை!

இந்த இடத்தில்தான் பக்கத்து வீட்டுப் பௌசியா வருகிறாள்.

எங்கள் தெருவில் பிள்ளை படிக்கிறதா என்று பார்க்க ஒரே வழிதான்... கொப்பியைப் பார்ப்பது. பிள்ளை வந்ததும் பையைத் திறந்து, எத்தனை பக்கம் நிறைந்திருக்கிறது என்று புரட்டுவோம். பிறகு வேலிக்கு மேலால் அடுத்த வீட்டுக் கொப்பியோடு ஒத்துப் பார்ப்போம். எழுத்துக் கூட்டி வாசிக்கிற எனக்கே இதில் நல்ல தேர்ச்சி. எழுதியது என்ன என்று யார் பார்த்தது? நிறைந்திருக்கிறதா, அது போதும்.

பௌசியாவுக்கு இரண்டு பேத்திகள். சனா மருமகனின் 'ஏ' வகுப்பு. அஸ்மா அடுத்த 'பி' வகுப்பு. அஸ்மாவின் கொப்பியில் ஐம்பது பக்கம் நிறைந்திருந்தது, ஓரத்தில் பூ வேறு. சனாவின் கொப்பியில் ஏழு பக்கம்.

"என்னகா, உன்ட மருமகன் சம்பளத்துக்குப் போறாரா, கதைச்சிட்டு வாறத்துக்குப் போறாரா?" என்று வேலிக்கு மேலால் கேட்டாள். அதோடு நின்றாளா? இருபது தாய்மாரைச் சேர்த்துக்கொண்டு அதிபரிடம் போனாள். பெற்றார் கூட்டம் வைப்பதாக அதிபர் சொன்னார். பெற்றார் ஒத்துக்கொள்ளாவிட்டால் வகுப்பு வேறு ஆசிரியருக்கு, ரியாஸ் சேர் நூலகத்துக்கு.

நூலகம் என்றால் எங்கள் ஸ்கூலில் ஓர் அலுமாரி. அதன் சாவியும் தொலைந்துவிட்டது.

மருமகன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பொரித்த சூடை மீன் அப்படியே திரும்பி வந்தது. "பூனே, பட்டினி கிடந்தா வகுப்புத் திரும்பி வருமா?" என்று கேட்டுப் பார்த்தேன். அந்த மீனைப் பூனைதான் சாப்பிட்டது.

புதன்கிழமை கூட்டம். நஸ்ரினுக்குப் பொறுப்பான ஆள் என்று நான் போனேன். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். மருமகனின் கண்ணில் படாமல் ஒரு தூணுக்குப் பின்னால் கதிரையைப் போட்டுக்கொண்டேன்.

பௌசியா எழுந்து போய் இரண்டு கொப்பியையும் மேசையில் போட்டாள்.

"சேர், ரியாஸ் சேர் சான்று சான்று எண்டு சொல்றாரே... இதான் சான்று. இது அம்பது பக்கம், இது ஏழு பக்கம். எது படிப்பு?"

கைதட்டல். எனக்கே தட்டலாம் போலிருந்தது.

மருமகன் எழுந்தார். "ஆராய்ச்சிச் சான்றுகளின் அடிப்படையில்..." என்று தொடங்கினார். பின்னாலிருந்து ஒரு வாப்பா கேட்டார், "அந்த ஆராய்ச்சி செஞ்ச ஆக்கள் எங்கட ஊருக்கு வந்தாங்களா, சேர்?"

"இல்ல..."

சிரிப்பு. நியாயமான கேள்விதானே? எங்கள் பிள்ளைகளைப் பார்க்காதவர்கள் எங்கள் பிள்ளைகளைப் பற்றி என்ன சொல்ல முடியும்? அப்படியென்றால் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டியதுதானே! ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எனக்கு வாய் அரித்தது. மருமகன் முன்னால் நிற்கிறார். பூனையும் இல்லை.

"தூணே," என்றேன். "ரெண்டு புள்ளையளையும் கூப்பிட்டுக் கேட்டாத் தெரிஞ்சிடுமே?"

மண்டபம் திரும்பித் தூணைப் பார்த்தது. அதிபர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பௌசியாவின் இரண்டு பேத்திகளையும் கூப்பிட்டார். ஆறாம் ஆண்டு முழுவதும் பின்னால் வந்து ஜன்னலில் தொங்கியது.

கேள்வியை அதிபரே கேட்டார். "செடிக்குச் சாப்பாடு எங்கயிருந்து வருகுது?" இரண்டு வகுப்பிலும் முடிந்த பாடம்.

ஐம்பது பக்க அஸ்மா கொஞ்சமும் தயங்கவில்லை. "கொப்பியில இரிக்கி, சேர்! சிவப்புப் பெட்டி கீறி, அதுக்குள்ள எழுதியிரிக்கி."

"அதுக்குள்ள என்னம்மா இரிக்கி?"

"கொப்பியத் தந்தாச் சொல்லுவன், சேர்."

இப்போது ஏழு பக்கச் சனாவின் முறை. பிள்ளை பௌசியாவின் முகத்தைப் பார்த்தாள். பௌசியா முறைத்தாள். பிள்ளையின் வாய் பூட்டிக்கொண்டது. மருமகனின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அந்த அலுமாரி கண்ணில் தெரிந்தது.

பொறுக்க முடியவில்லை. பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்போம் என்று எழும்பினேன்.

"தூணே, இது தெரியாதா? மண்ணுக்குள்ளயிருந்துதான்! யூரியா போட்டாத்தான் வெள்ளாமை. யூரியா கிடைக்காத அந்தப் போகம் வெயில் நல்லாத்தானே எறிச்சது? நெல்லு எங்க வெளஞ்சது?"

"பிழை, மாமி!"

யார் சொன்னது? மருமகன். என் முகத்தைப் பார்த்து. பதினான்கு வருடத்தில் அவர் என்னிடம் நேரே சொன்ன முதல் வார்த்தை... பிழை!

அவர் தன் வாயைப் பொத்திக்கொள்வதற்குள் ஜன்னல் வெடித்தது. "இலையில! இலையில! வெயிலால!" என்று வகுப்பே கத்தியது. நஸ்ரின்தான் எல்லாரையும் விடச் சத்தம், வெட்கம் கெட்டவள். பூட்டிக்கிடந்த சனாவுக்கும் வாய் திறந்தது. நேரே என்னிடம் வந்துவிட்டாள்.

"இல்ல உம்மம்மா! மண்ணிலயிருந்து தண்ணியும் உப்புச்சத்தும்தான் எடுக்கும். சாப்பாட்ட இலைதான் ஆக்கும். யூரியா கறிக்கு உப்புப் போல. உப்பில்லாட்டி கறி சரிவராது... அதுக்காக உப்பு மட்டும் சாப்பிடலாமா?"

கொப்பியைக் கொண்டுவா என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் கண்டுகொண்டது இதுதான். பிள்ளையிடம் கேள்வி கேட்டால் பாதிப் பதில்தான் வரும். பெரிய ஆள் ஒருவர் பிழை விட்டுப் பார்க்க வேண்டும்... அந்தச் சந்தோசத்தில் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டும். இதைச் செமினாரில் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது.

தவணை முடியும்வரை வகுப்பு ரியாஸ் சேருக்குத்தான் என்று அதிபர் முடித்தார். கிழமைக்கு ஒரு பக்கமாவது கொப்பியில் எழுத வேண்டும் என்பது பௌசியாவின் நிபந்தனை. மருமகன் தலையாட்டினார். அன்றைக்கு ஆறு மீன் சாப்பிட்டார்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். வேறு ஒருவருக்கும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பதிலை நான் நம்பித்தான் சொன்னேன். அறுபது வருடமாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது வீட்டு முருங்கையைப் பார்த்தாலே இலை அடுப்பு மூட்டுகிற மாதிரித் தெரிகிறது. இனி மௌத்தாகிக் கண் மூடும் வரை மறக்காது.

அஸருக்குப் பிறகு பௌசியா வேலிக்கு வந்துவிட்டாள். பின்னால் இன்னும் நாலு பேர்.

"என்னகா, ஊரே பாத்திருக்க மருமகனோட கதைச்சிட்டியே!"

"நான் தூணோடதான் கதைச்சன். அவர்தான் எனக்கிட்டக் கதைச்சது. அவரப் போய்க் கேளு."

"சரி, அப்ப அவ்வளவு பெரிய பிழை விட்டியே... வெக்கமா இல்லையா?"

முருங்கைக் கீரையை உதறிக்கொண்டே சொன்னேன்:

"பிழையா? போடி... அது ஆராய்ச்சி!"