சிரிப்பான் எப்போது சிரிக்கும்?

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழி சனிக்கிழமை, பல்லடத்தில் விசைத்தறி ஓட்டிய நண்பர் நாச்சிமுத்துவும் நானும் பறவை பார்க்கக் கிளம்பினோம். திருப்பூர்க் குளத்துக்கு வந்த வாத்துக் கூட்டத்தை என் பைனாகுலருக்கு முன்பே அவர் கண்டுவிட்டார்.

மறுநாள் காலை குன்னூரில் காட்டோரம் நின்றோம். ஆள் சிரிப்பதுபோலக் கத்தும் சிரிப்பான் குருவியைக் கேட்கத்தான் அவர் வந்திருந்தார். எதிர்ப் புதருக்குள் நாலைந்து குருவிகள் சேர்ந்து கத்தின.

"ஏனுங்க, எப்பத்தான் சிரிக்குமுங்க? பஸ்ஸு போயிருமுங்க" என்றார்.

வேடிக்கை பண்ணுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்போது ஒரு குருவி வெளிக்கிளைக்கு வந்து அலகைத் திறந்து கத்தியது. அலகைப் பார்த்தவர் என்னைப் பார்த்தார்.

"இத்தன நேரமும் சிரிச்சுட்டேதானுங்களா இருந்துச்சு?"

"ஆமாங்க."

தறி ஓடும் சத்தத்தில் எல்லோரும் வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். வெளியிலும் அவர் என் முகத்தையே பார்த்துப் பேசுவதை மரியாதை என்று நினைத்திருந்தேன். காது போனது அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அவரிடம் சொல்ல எனக்கு ஏதோ இருந்தது. அவர் முகம் திரும்பட்டும் என்று மேட்டுப்பாளையம் வரை காத்திருந்தேன்.