சபையில் எரிந்த விளக்கு

மன்னார்க் கரையில் கீரி என்ற ஊரில் கருவாடு போட்டு வாழ்ந்த யசிந்தா, யாரோடும் உரத்துப் பேசாதவள். போன மாரியில் அவளுடைய கணவன் மில்ரன் ஓட்டிவந்த படகு துறையின் அலைதடுப்புக் கல்லணையில் மோதியது. அவனும் கூடப்போன ஜெனிஸ்ரனும் செத்துப்போனார்கள். துறைவாயிலில் இருந்த விளக்கு சில நாள் எரியும், சில நாள் எரியாது. அன்று எரியவில்லை. விடியப்புறம் கரையில் காத்துநின்ற யசிந்தாவுக்கு மட்டும் அது தெரியும்.

எம்.பி. ஒருவர் பாராளுமன்றத்தில் இதைப் பற்றிக் கேட்டார். விளக்கு எரிந்தது, ஓட்டியின் கவனயீனமே காரணம் என்று அமைச்சர் பதில் சொன்னார். அந்தப் பதில் அன்றைக்கே ஊருக்கு வந்துவிட்டது. ஜெனிஸ்ரனின் தாய் லூசியா அதன்பிறகு யசிந்தாவின் முகம் பார்க்கவில்லை. மாதா கோயில் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்திலும் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அமைச்சர்மேல் வழக்கு வைக்கலாமா என்று மன்னாரில் ஒரு சட்டத்தரணியிடம் யசிந்தா கேட்டாள்.

"சபைக்குள்ள சொன்னதுக்கு ஒருத்தரையும் கோட்டுக்கு இழுக்கேலாது அக்கா. அமைச்சர் பாராளுமன்றத்துக்குத்தான் பொறுப்பு. திருப்பியும் அங்கேயே கேட்க வையுங்கோ" என்றார் அவர்.

எம்.பி. ஆட்களைச் சந்திக்கும் கந்தோரின் வாசலில் அவள் போய் நின்றாள். திரும்பத் திரும்பப் போனாள். ஒருமுறை கேட்டாயிற்றே என்று சலித்தவர், கடைசியில் ஒத்துக்கொண்டார்.

கேள்வி எடுபடும் நாளில் கொழும்புக்குப் போய்ப் பார்வையாளர் மாடத்தில் இருந்தாள். வாய் திறக்கக்கூடாது என்று காவலர்கள் முதலே சொல்லிவிட்டார்கள். அதற்கிடையில் அமைச்சரவை மாறியிருந்தது. பழைய அமைச்சருக்கு வேறு அமைச்சு. புதியவர் எழும்பிச் சிங்களத்தில் பேசினார். எம்.பி.யின் உதவியாளர் அதைப் பிறகு வெளியில் வைத்து விளங்கப்படுத்தினார். அது தன் காலத்தில் நடந்ததல்ல, ஆனாலும் அமைச்சின் பொறுப்பு இப்போது தன்னுடையதே; அன்று விளக்கு பழுதாகியிருந்தது, அதிகாரிகள் கொடுத்த தகவல் பிழை, வருந்துகிறோம் என்றாராம். அவ்வளவுதான். சபையில் உடனே அடுத்த கேள்வி எடுபட்டது. பழைய அமைச்சர் முன்வரிசையில் போனைப் பார்த்தபடி இருந்ததை யசிந்தா கண்டாள். அவர் தலை நிமிரவேயில்லை.

ஊர் வந்ததும் நேரே லூசியாவின் வீட்டுக்குப் போனாள். லூசியா இருக்கச் சொல்லவில்லை. நின்றபடியே யசிந்தா எல்லாவற்றையும் சொல்லிமுடித்தாள்.

"அண்டைக்கும் மந்திரி சபையிலதான் சொன்னவர். இண்டைக்கும் சபையிலதான் சொல்லியிருக்கிறார்" என்றாள் லூசியா. "எதைப் பிள்ளை நான் நம்புறது?"

யசிந்தா முற்றத்தைக் கடந்து வாசலுக்கு வந்தாள். படலையைச் சாத்திவிட்டு ஒழுங்கையில் இறங்கி நடந்தாள். மில்ரனை அடக்கம் செய்த அன்றுகூட வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.