மாம்பழத் தோலும் ஒரு கோட்டையும்

மகள் வேலைக்காகப் பெங்களூருக்குப் போனதும் அவளுடைய அறையை நான் எடுத்துக்கொண்டேன். கட்டிலைக் கழற்றி மாடிக்கு ஏற்றிவிட்டு, அந்த இடத்தில் தையல் மெஷினும் ஒரு நீள மேசையும் போட்டேன். நானே சாயம் தோய்த்த துணிகளை வெட்டி, ஒட்டுப்போட்டு, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்து, சுவரில் மாட்டுவதற்கென்று குயில்ட் செய்வேன். சித்தூரில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது போர்வைதான். என் கணவர் மட்டும், "குயிலுக்கும் இதுக்கும் இன்னா சம்மந்தம்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, அன்றிலிருந்து 'குயிலு' என்றே சொல்லிவருகிறார்.

அவருக்கு மாம்பழக் கூழ் எடுக்கும் ஆலையில் சூப்பர்வைசர் வேலை. சீசனில் வீட்டுக்கு வருவது தூங்க மட்டும். சீசன் முடிந்துவிட்டால் என் அறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

போன வருடம் நான் மூன்று குயில்ட்களை ஒன்றாக வைத்துக்கொண்டிருந்தேன். அவுரி நீலத்தில் ஒன்று, மஞ்சிட்டிச் சிவப்பில் ஒன்று. மூன்றாவதற்கு என்ன நிறம் என்பது மட்டும் பிடிபடவில்லை.

"ஒண்ண முடிச்சிட்டு இன்னொண்ண எடுக்கக் கூடாதாம்மா?" என்றார்.

"நீங்க சோத்த முடிச்சிட்டுத்தான் பொரியல் துன்றீங்களா?" என்றேன்.

அன்று மதியம் பொரியலைத் தொடாமல் வைத்திருந்து, சோறு முழுதும் தீர்ந்த பிறகு தனியாகத் தின்று காட்டினார்.

ஆலையில் கடைசி லோடு ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு பை நிறைய மாம்பழத் தோலோடு வந்து நின்றார். "கையில பட்டா நாலு நாளு போவ மாட்டேங்குது. துணியில புடிக்காதா?" கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. படிகாரத்தில் ஊறவைத்த துணியை அந்தத் தோலோடு வேகவைத்தேன். வீடெல்லாம் ஈ மொய்த்ததுதான் மிச்சம். துணி அவருடைய பழைய பனியன் நிறத்தில் வெளியே வந்தது. அதை அவரிடம் சொல்லியும்விட்டேன்.

"நீ சரியா வேக வெக்கல" என்று எழுந்து போனார்.

அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்காக நான் வேலூருக்குப் போனேன். திரும்பி வந்தபோது மாடிக் கொடியில் ஒரு துணி காய்ந்துகொண்டிருந்தது. மழைக்கு முன்னால் மலைமேல் இறங்கும் மேகத்தின் நிறம். ஓரங்களில் லேசாகப் பச்சை. நான் ஒளித்துவைத்திருந்த சாயப் பாத்திரம் கிடைக்காமல், முறுக்கு சுடும் இரும்புக் கடாயிலேயே தோலைப் போட்டுக் கொதிக்கவிட்டிருக்கிறார். தோலின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் நிறம் அப்படிக் கறுக்கும். எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் தோன்றவில்லை.

"கடாய பாழ் பண்ணிட்டீங்க" என்றேன். புகழ்ந்தால் அப்புறம் அவரோடு குடித்தனம் செய்ய முடியாது. ஆனால் அந்தத் துணியை நான் இரண்டு தடவை வெயிலில் பிடித்துப் பார்த்ததை அவர் கவனித்துவிட்டார். மூன்றாவது குயில்டில் பாதிக்கு மேல் அந்தத் துணிதான் போனது.

குளிர் தொடங்கியபோது திருப்பதியில் பெண்களின் கைவேலைக் கண்காட்சி ஒன்று வந்தது. மூட்டை தூக்க என்று அவரும் வந்தார். மூன்றையும் மாட்டிவிட்டு நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால், சாம்பல் நிறக் குயில்டின் முன்னால் கைகட்டி நின்று, ஒரு நடுவயது அம்மாளுக்குத் தெலுங்கும் தமிழுமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"இதி சந்திரகிரி கோட்டண்டி. இதோ பாருங்க, மதிலு. மேல மழ வந்துகினு கீது."

அது கோட்டை இல்லை. நான் மனதில் எதையும் வைத்துத் தைக்கவில்லை. நிறம் சொன்ன பக்கம் கத்தரிக்கோல் போனது, அவ்வளவுதான். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "கோட்டையா மேடம்?" என்றார். அவருக்குப் பின்னால் என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப்போல நின்றார்.

"ஆமாங்க. சந்திரகிரி" என்றேன்.

அந்த அம்மாள் மதிலை ரசித்தார், மழையை ரசித்தார். பிறகு பக்கத்தில் இருந்த நீலத்தைக் காட்டி, "எனக்கு இது வேணும்" என்று வாங்கிக்கொண்டு போனார்.

"அத பத்தி நான் ஒண்ணுமே சொல்லலியே" என்றார் இவர்.

"அதனாலதான் வாங்கினாங்க."

சாயங்காலம் மிச்சமிருந்த இரண்டையும் காரின் பின் சீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன். அவர் ஜன்னல் பக்கமாகவே திரும்பி உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் அதிகமாகத்தான் சீண்டிவிட்டோமோ என்று பட்டது.

"நாம சந்திரகிரிக்கு ஒரே ஒரு தடவதான் போனோம். அப்பவும் நீங்க மல ஏறல. கீழ உக்காந்து வேர்க்கல்ல துன்னுகினு இருந்தீங்க" என்று பேச்சுக் கொடுத்தேன்.

"கீழ இருந்து பாத்தா இப்படித்தான் தெரியும்" என்றார் உடனே.

வழியில் சந்திரகிரி வந்ததும் வண்டியை உள்ளே திருப்பினேன். கோட்டையை மூடிவிட்டிருந்தார்கள். சாலையோரம் நிறுத்தினேன். அவர் பின் சீட்டிலிருந்து சாம்பல் நிறக் குயில்டை எடுத்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மறுமுனையை நான் பிடித்தேன். மலையைப் பார்த்தோம், குயில்டைப் பார்த்தோம். டீக்கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பியும் மதில் அகப்படவில்லை.

"வெளிச்சம் போயிட்ச்சி" என்றார் என் கணவர். "காலைல வந்தா தெரியும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு அவரும் சிரித்தார். குயில்டை நாலாக மடித்து அவர் மடியிலேயே வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். சித்தூர் வரும்வரை, குளிருகிறது என்று அதைப் போர்த்திக்கொண்டு தூங்கினார்.