குரல் போன தமாயோவும் எங்கள் வாயாடிச் சந்தையும்

ஒசாகாவில், நம்பா ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற எங்கள் கூரைச் சந்தைக்குள் யார் நுழைந்தாலும் முதலில் என் குரல்தான் காதில் விழும். என் பெயர் முத்சுகோ. மீன்வடைக் கடைக்காரி. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அப்படிப்பட்ட என் குரலையே அமுக்கிவிடுகிற ஒருத்தி இருந்தாள். அவள்தான் தமாயோ நிஷிவாக்கி.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு சுற்றுலாப் பேருந்தில் வழிகாட்டியாகச் சேர்ந்தவள். வெள்ளைக் கையுறை, சாய்த்து வைத்த தொப்பி, மலை வளைவு வந்தால் ஒரு பாட்டு. பேருந்து வேலை குறைந்தபோது மூலையில் உட்கார்ந்து அழவில்லை. ஒரு மஞ்சள் கொடியைத் தூக்கிக்கொண்டு பயணிகளுக்கு எங்கள் வட்டாரத்தை நடந்தே சுற்றிக் காட்ட வந்துவிட்டாள். ஆனால் பேருந்துப் பழக்கம் அவளை விடவில்லை. பயணிகளுக்கு முதுகைக் காட்டவே மாட்டாள். மீன் பெட்டி, சைக்கிள், ஈரத்தரை, இடிக்கிற கூட்டம், இத்தனைக்கும் நடுவில் பின்பக்கமாகவே நடப்பாள். ஒருநாளும் எதிலும் மோதியதில்லை. நான் முன்பக்கமாக நடந்தே ஐஸ் பெட்டியில் முட்டிக்கொள்கிறவள்.

போன குளிர்காலத்தில் அவள் தொண்டையில் ஒரு கட்டி. அறுவை சிகிச்சை முடிந்து ஆள் நன்றாகத்தான் திரும்பி வந்தாள். குரல் மட்டும் திரும்பவில்லை. பயணிகள் காதில் மாட்டிக்கொள்ளும் கருவியில்கூட உஸ் உஸ் என்று காற்றுதான் வந்தது. ஒலிபெருக்கி வைக்கலாம் என்றால் எங்கள் சந்தைக்குள் அது கூடாது. நாங்கள் போடுகிற கூச்சலே போதும் என்று கடைக்காரர் சங்கத்தில் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் கடைக்கு வந்தாள். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றாள்.

"நாளைக்கு டூர் ஆபீஸ்லேர்ந்து மேனேஜர் ஓகிமுரா கூடவே நடந்து வர்றாராம். நான் சொல்றது வந்தவங்களுக்குப் போய்ச் சேரலேன்னா கொடியை வாங்கிடுவாங்க."

"வாங்கிப் பாக்கட்டும்! உனக்குப் பதிலா நான் சொல்றேன்டி. கேட்டுக் கேட்டு எனக்கே எல்லாம் மனப்பாடம்."

"நீ வாயைத் திறக்கக் கூடாது. இது என் வேலை. யார் தயவும் எனக்கு வேணாம்."

எனக்கு மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. "போடி! நாளைக்கு ஊமையாவே உக்காந்திருக்கேன், போதுமா?" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் இருப்பதென்று முடிவும் செய்தேன். கோபம் வந்தால் நான் அப்படித்தான்.

மறுநாள் காலை வந்தவர்கள் வடக்கே அகிதாவிலிருந்து வந்த பெரியவர்கள். பனி ஊர்க்காரர்கள், அளந்து பேசுகிறவர்கள். கடைசியில் ஓகிமுரா. இஸ்திரி கலையாத கோட்டு, செய்தி வாசிக்கிறவர் மாதிரி டோக்கியோப் பேச்சு, எங்கள் ஊருக்கு ஆகவே ஆகாதது. "தயவுசெய்து நெருங்கி நில்லுங்கள்" என்று அவர் சொன்னதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தமாயோ பின்பக்கமாக நடந்து வந்து என் கடை முன்னால் நின்றாள். கொடியை என் கடைப் பலகையை நோக்கி நீட்டினாள். இருக்கிற கொஞ்சம் குரலில், என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்:

"இது டோஃபு கடை. போன வருஷம்தான் திறந்தாங்க."

எங்கள் ஊரில் ஒருவர் அசட்டுத்தனமாக ஒன்றைச் சொன்னால் அதைக் கேட்டும் சும்மா இருப்பது மரியாதை இல்லை. உடனே பதிலுக்கு ஒரு போடு போட வேண்டும். போடாவிட்டால் சொன்னவரை அம்போவென்று விட்டுவிட்டதாக அர்த்தம். பிறந்த குழந்தையைத் தவிர ஒசாகாக்காரர் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். நான் பல்லைக் கடித்துப் பார்த்தேன். கரண்டியை இறுக்கிப் பிடித்துப் பார்த்தேன். ம்ஹூம்.

"என்னது? டோஃபுவா? கண்ணு என்ன பொடரியிலயா இருக்கு? போர்ல எரிஞ்சு சாம்பலாக் கிடந்த இடத்துல எங்க மாமனார் ஒரு தகரத்தைப் போட்டுக்கிட்டு மீன் அரைக்க ஆரம்பிச்சாரு! அந்தக் கல்லுரலு இதோ இருக்கு, வந்து தொட்டுப் பாருங்க அண்ணே! போன வருஷமாம்ல!"

அகிதாப் பெரியவர்கள் மிரண்டு போய்ப் பார்த்தார்கள். பிறகு ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஒவ்வொருவராக வந்து கல்லுரலைத் தொட்டார்கள். தமாயோ பணிவாக எனக்குத் தலை வணங்கிவிட்டு நகர்ந்தாள்.

எதிரே கெய்ஜிரோவின் கடற்பாசிக் கடை. அங்கே ஒரு பாசித் துண்டை எடுத்துக் காட்டினாள்.

"இதெல்லாம் டோக்கியோவிலிருந்து வருது."

"டோக்கியோவா!" கெய்ஜிரோ முக்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "ஏம்மா, காலங்காத்தால என்னைக் கொல்லவா வந்தே? ஹொக்கைடோ கடல்லேர்ந்து எங்க பாட்டன் காலத்துல பாய்மரக் கப்பல்ல வந்த சரக்கு! ஒசாகாவுக்கு ருசின்னா என்னன்னு சொல்லிக் குடுத்ததே இந்தப் பாசிதான்!"

அப்போது தமாயோ என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு கண்சிமிட்டல். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருடமாக ஒரு சொல்கூடத் தவறாமல் சொன்னவள், எங்கள் கடைகளின் கதை எங்களைவிட நன்றாகத் தெரிந்தவள், ஒரே காலையில் இரண்டு தப்பு செய்வாளா? அடிப் பாதகத்தி! பொரிக்கிற சட்டியைப் புருஷனிடம் தள்ளிவிட்டு நான் கூட்டத்தோடு ஓடினேன்.

கத்திக் கடை இகுவோ பேசி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. வாடிக்கையாளரிடம்கூடத் தலையாட்டல்தான். அவனிடம் போய், நீண்ட மீன் கத்தியைக் காட்டி, "இது தக்காளி நறுக்குறதுக்கு" என்றாள். இகுவோவின் காது சிவந்தது. கழுத்து சிவந்தது. "த... தக்காளியா!" என்று வெடித்தான் பாருங்கள், பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். அதன்பிறகு அவன் இரும்பைப் பற்றியும் தீயைப் பற்றியும் பேசியதை நிறுத்தவே நாங்கள் பாடுபட்டோம்.

சந்தை முடிகிற இடத்துக்கு வந்தபோது அகிதாக்காரர்களும் எங்களோடு சேர்ந்து கெட்டுப்போயிருந்தார்கள். தமாயோ கால்வாயைக் காட்டி "இது கடல்" என்றாள். கைத்தடிப் பெரியவர் ஒருவர் எல்லாருக்கும் முந்திக்கொண்டு "என்னது!" என்று கத்தினார். அவர் மனைவியே அசந்து போய்ப் பார்த்தார்.

ஓகிமுரா மட்டும் சிரிக்கவில்லை. பயணிகள் விடைபெற்றுப் போனதும் தமாயோ கொடியைச் சுருட்டினாள். இரண்டு கையாலும் அவரிடம் நீட்டி, குனிந்து சொன்னாள்:

"மன்னிச்சுக்கணும். இன்னிக்கு ரொம்ப மோசமாப் போச்சு. யார் காதுலயும் ஒண்ணும் விழுந்திருக்காது."

அந்த மனிதருக்கு உதடு துடித்தது. கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். அடக்கத்தான் பார்த்தார், பாவம்.

"என்னது! விழலையா? எனக்குக் காதே அடைச்சுப் போச்சு தாயே! இன்னும் ஙொய்ங்குது!"

சுத்தமான ஒசாகாத் தெருப் பேச்சு! நான் வாயைப் பிளந்துவிட்டேன். "அடேங்கப்பா! நீங்க எந்தப் பக்கம்?" என்றேன்.

"இங்க பக்கத்துல கிஷிவாடாதான் அக்கா, மீன் மார்க்கெட்டுக்கு அடுத்த சந்து" என்று முகம் சிவக்கச் சொன்னார். பிறகு தமாயோவைப் பார்த்து, "கொடியை ஏன் எங்கிட்ட நீட்டுறீங்க? அடுத்த வாரம் நாற்பது பேர் வர்றாங்க. அதை யார் தூக்குறது, நானா?" என்றார்.

தமாயோ கொடியை விரித்தாள். எங்கள் இருவருக்கும் முகத்தைக் காட்டியபடி, பின்பக்கமாகவே, சந்தைக்குள் நடக்க ஆரம்பித்தாள். அழுதுகொண்டிருந்தாள், ஆனாலும் எதிலும் இடிக்கவில்லை.